வெட்டுவதற்கு முன் மைத்துனனிடம் ஒரு வார்த்தை

மைத்துனனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் முதல் கவலை. புற்றுநோய் திரும்பி வந்திருப்பது இரண்டாவது கவலை. டாக்டரின் எதிரில் மனைவியோடு உட்கார்ந்துகொண்டு லிஃப்ட் மெக்கானிக் இந்த வரிசையில்தான் யோசித்தார்.

டாக்டர் உயரம் குறைந்த பெண்மணி. நாற்காலியை மேலே ஏற்றிவைத்து, கால் தரையில் படாமல் உட்கார்ந்திருந்தார். கணினித் திரையை இவர்கள் பக்கம் திருப்பி, பேனாவின் முனையால் ஓரிடத்தைத் தொட்டார். மழை வருவதற்கு முன் தெரிகிற மேகம்போலச் சாம்பல் நிறத்தில் ஒன்று படுத்திருந்தது. அதுதான் கல்லீரல். அதன் கீழ் ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வேறு நிறத்தில் ஒரு புள்ளி.

"ரத்தப் பரிசோதனையில கேன்சரைக் காட்டற அந்த அளவு ஏறினப்பவே எனக்குச் சந்தேகம்தான். ஆனா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. நுரையீரல், எலும்பு எல்லாம் பாத்தாச்சு, சுத்தமா இருக்கு. இதுவும் ஓரமா இருக்கறதால, அந்த ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்துடலாம். இது நல்ல சேதி."

"கெட்ட சேதி?" என்று கேட்டாள் மெக்கானிக்கின் மனைவி. ஆஸ்பத்திரிக்கு வந்தால் அவள் எதையும் பாதியில் விடமாட்டாள்.

"மாற்றுக் கல்லீரல் வச்சவங்களுக்கு இது திரும்பி வந்தா, லேசுல விடாது. வெட்டினப்புறமும் இன்னொரு தடவை வரலாம். வந்தா மாத்திரை இருக்கு. இன்னொண்ணு, இவர் சாப்பிடற, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கற மாத்திரை. அடுத்தவங்க லிவர் உள்ள வந்திருக்குன்னு உடம்பு சண்டைக்குப் போகாம இருக்கறதுக்காகக் காவல்காரனைத் தூங்க வச்சிருக்கோம். அவன் தூங்கினா திருடனுக்கும் வசதிதானே. அதனால மாத்திரையை வேற வகைக்கு மாத்தி, அளவையும் குறைக்கணும். ரொம்பக் குறைச்சா அவன் முழிச்சு லிவரையே அடிப்பான். பாத்துப் பாத்துத்தான் செய்யணும்."

"கேன்சருக்குப் புதுசா ஏதோ ஊசி வந்திருக்காமே?" என்றாள் மனைவி.

"அது காவல்காரனை உசுப்பி விடற ஊசி. இவருக்குப் போட்டா அவன் முதல் அடியை லிவர் மேலதான் போடுவான். இப்போதைக்கு அந்தப் பேச்சு வேண்டாம். ஆபரேஷனை இந்த மாசத்துக்குள்ள முடிச்சுடலாம். என்ன சொல்றீங்க?"

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கேட்டுட்டுச் சொல்றேன்."

"யாரைக் கேக்கணும்? வீட்டம்மா இங்கதான இருக்காங்க?"

"இவளை இல்லீங்க. ஓனரை."

டாக்டர் மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்தார். மனைவி மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள்.

"என் தம்பியைச் சொல்றார்," என்றாள் கடைசியில். "அவன் குடுத்த லிவராம். அவனைக் கேக்காம வெட்டக் கூடாதாம். தலையெழுத்து."

"நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்," என்றார் டாக்டர்.

"சட்டப்படி போதும்," என்று மெக்கானிக் ஒப்புக்கொண்டார்.

முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். கட்டடத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எந்த லிஃப்டின் மூடியையும் திறந்ததில்லை. அவர்கள் கம்பெனியில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. அவராக வைத்துக்கொண்டது. ஒருமுறை தடித்த வக்கீல் ஒருவர் இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து கதவைக் குத்திக்கொண்டிருந்தார். கட்டடத்துக்காரரோ முகத்தில் சோப்பு நுரையோடு முடிவெட்டும் கடையில் இருந்தார். அவர் போனை எடுத்து "திற" என்று சொல்லும்வரை மெக்கானிக் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு மேல்மாடி மெஷின் அறையில் நின்றார். வெளியே வந்த வக்கீல், வழக்குப் போடுவேன் என்று குதித்தார். போடட்டும். தன் பக்கம் அனுமதி இருக்கிறது என்ற நிம்மதியோடு மெக்கானிக் அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்.

லிஃப்டுக்கே இப்படி என்றால் கல்லீரலுக்கு எப்படி இருக்கும்? அதுவும் இந்த ஓனர்.

மைத்துனன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு அல்லவா, அதிலிருந்து காலை எடுக்காததால் ஊரில் அவனுக்கு ரெண்டாம் பிரேக் என்று பெயர். சின்ன வயதில் எப்போதோ மெக்கானிக்கின் உடம்பில் புகுந்து, சொல்லாமல் கொள்ளாமல் தங்கிவிட்ட மஞ்சள்காமாலைக் கிருமி அவருடைய கல்லீரலைச் சுருக்கி, அதில் கட்டியையும் வளர்த்துவிட்டிருந்தது. மாற்றினால்தான் பிழைப்பார் என்றபோது குடும்பத்தில் ஆளாளுக்கு ரத்த வகையை மறந்துபோனார்கள். இவன்தான் சட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து, தன் கல்லீரலில் பாதிக்கு மேல் கொடுத்தான். அதன் பிறகு சட்டையை முழுசாக இறக்கவேயில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் தழும்பைக் காட்டாமல் திரும்பமாட்டான்.

"இவர் எங்க அத்தான்," என்று அறிமுகப்படுத்துவான். "என்னோட லிவர்லதான் ஓடிட்டிருக்கார்."

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவான். செருப்பைக் கழற்றியதும் நேராக மெக்கானிக்கிடம் போய், கட்டைவிரலால் அவருடைய கீழ் இமையை இழுத்து, வெள்ளை விழியில் மஞ்சள் தட்டுகிறதா என்று பார்ப்பான். பிறகு கேட்பான், "நம்மாளு எப்படி இருக்காரு?" நம்மாளு என்றால் கல்லீரல். அத்தானின் உடல்நலம் அடுத்த கேள்வி. சில வாரம் அதை மறந்தும்விடுவான்.

பொரித்த பண்டத்தைப் பார்த்தால் மெக்கானிக்கின் கை தானாகப் பின்வாங்கும். எதிர்வீட்டுக் கல்யாணத்தில் யாரோ அவர் கையில் ஒரு கோப்பையைத் திணித்தபோது, வெறும் பழச்சாறுதான் என்றாலும், கூட்டத்தின் மறுமுனையிலிருந்து இவன் ஓடிவந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கவிட்டான். மெக்கானிக்குக் கோபம் வந்ததில்லை. வண்டியை இரவல் கொடுத்தவன் டயரை உதைத்துப் பார்ப்பது நியாயம்தானே.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தான். இமையை இழுத்தான்.

"நம்மாளு எப்படி இருக்காரு?"

"இருக்காரு," என்றார் மெக்கானிக். காலையிலிருந்து குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த வாக்கியம் வாயிலேயே கரைந்துவிட்டது. "மாப்ளே, உன் ஸ்கூல்ல கூட்டம் எப்படி?"

"அதுல கேன்சர் வந்திருக்குடா," என்றாள் மனைவி, காய் நறுக்கிக்கொண்டே.

"ஸ்கூல்லயா?"

"லிவர்ல."

மைத்துனன் கட்டைவிரலை எடுக்க மறந்து அப்படியே நின்றான். மெக்கானிக் ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிச்சீங்களா?"

"ஐயோ, இல்ல மாப்ளே."

"வாங்கின மருந்தையெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"அப்புறம் எப்படி வரும்? நான் குடுத்தப்ப ஒரு கீறல் இல்லாம இருந்துச்சு. டாக்டரே சொன்னாங்க, இவ்ளோ அழகான லிவரை நான் பாத்ததில்லைன்னு." சட்டென்று அவன் கை தன் வயிற்றுக்குப் போயிற்று. "அக்கா, அப்ப என்கிட்ட இருக்கற மிச்சத்துலயும் இருக்குமா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அதெல்லாம் இருக்காதுடா."

"நீ என்ன டாக்டரா? இல்ல, நான் குடுத்ததே பழுதா? பழுதான சாமானையா அத்தான் தலையில கட்டிட்டேன்?"

அவன் முகம் போன போக்கைப் பார்த்து, மெக்கானிக் அனுமதி கேட்பதைத் தள்ளிப்போட்டார். பொருளே கெட்டுப்போயிற்றோ என்று அலறிக்கொண்டிருப்பவனிடம், வெட்டட்டுமா என்று எப்படிக் கேட்பது?

மறுநாள் மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். மைத்துனன் ஸ்கேன் படத்தை மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தான். பார்த்த மாத்திரத்தில், "இவருதான்," என்றான். காணாமல்போன பிள்ளையை அடையாளம் காட்டுகிற குரல்.

"உங்க லிவர் மேல ஒரு தப்பும் இல்லை," என்றார் டாக்டர். "உங்களுக்கும் ஒண்ணும் இல்லை, வேணும்னா ஒரு ஸ்கேன் எடுத்துடலாம். இந்தக் கட்டி இவரோட பழைய லிவர்ல இருந்த செல்லுங்க. அதை நாங்க எடுத்து வெளிய போடறதுக்கு முன்னாலயே சில செல்லு நழுவிப்போய் எங்கயோ ஒளிஞ்சிருந்திருக்கு. இப்ப புது வீட்டைப் பாத்துக் குடியேறியிருக்கு. அவ்வளவுதான்."

மைத்துனன் மெதுவாக மெக்கானிக்கின் பக்கம் திரும்பினான். "அப்ப இவனுங்க உங்க ஆளுங்க."

"என் ஆளுங்கதான்," என்று தலையைக் குனிந்துகொண்டார் மெக்கானிக்.

"நல்ல இடமாப் பாத்துத்தான் வந்திருக்கானுங்க."

"வேற எங்க போவானுங்க மாப்ளே."

முதலில் அவன் முகம் தெளிந்தது. தன் பொருளில் குற்றமில்லை என்று டாக்டர் வாயாலேயே வந்துவிட்டது. வாசலில் வந்து நின்றபோது தெளிவு போய், வேறேதோ முகத்தில் ஏறியிருந்தது. வீட்டில் இறக்கிவிட்டவன் உள்ளே வரவில்லை. "வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. போன் அடித்தால், "கிளாஸ்ல இருக்கேன் அத்தான்," என்று வைத்துவிட்டான்.

இமையை இழுக்க ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குக் கரண்ட் போன லிஃப்ட் மாதிரி இருந்தது. உள்ளே விளக்கு இல்லை, எந்த மாடியில் நிற்கிறோம் என்றும் தெரியவில்லை.

"கோவிச்சுக்கிட்டான்," என்றார் மனைவியிடம். "என் ஆளுங்க போய் அவன் பொருளைக் கெடுத்துட்டாங்க இல்ல."

"கோவம் வந்தா வரட்டும். ஆஸ்பத்திரியிலருந்து ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. தேதி சொல்லுங்கன்னா, கேட்டுட்டுச் சொல்றேன், கேட்டுட்டுச் சொல்றேன். போன் பண்ற அந்தப் பொண்ணு என்னன்னு நினைக்கும்?"

"கேக்காம எப்படிம்மா?"

"ஏங்க, நான் உங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டேனே, ஒரு வார்த்தை கேட்டீங்களா? எங்க அப்பாவைத்தான் கேட்டீங்க."

"அப்ப ஓனர் அவர்தானே," என்று சொல்லவந்து, அவள் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் அழவில்லை. ஆனால் நறுக்கியதையே மறுபடியும் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அது ஓரத்திலேயே உக்காந்திருக்கும்னு யாருக்கு நிச்சயம்? பெருசாயிட்டா வெட்டவே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. எனக்கு உங்க மரியாதை வேண்டாம். நீங்க வேணும். போய்க் கேட்டுத் தொலைங்க."

மெக்கானிக் தொலைந்தார். பயிற்சிப் பள்ளி வாசலில் மஞ்சள் பலகையைத் தலையில் வைத்த கார் கிளம்பத் தயாராக நின்றது. இளம்பெண் ஒருத்தி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மைத்துனன். அவன் தன்னைப் பார்த்துவிட்டு ஓடுவதற்குள், மெக்கானிக் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அத்தான், கிளாஸ் நடக்குது."

"நடக்கட்டும். நான் பேசாம உக்காந்திருப்பேன்."

"இவங்க பல் டாக்டர். அஞ்சாவது கிளாஸ்தான். பயந்துக்குவாங்க."

"வணக்கங்க," என்றாள் பல் டாக்டர், பின்னால் திரும்பாமல். திரும்பினால் கார் எங்காவது போய்விடும் என்று அவளுக்குப் பயம். கிளட்சை விட்டாள். கார் இரண்டு முறை இருமிவிட்டு நகர்ந்தது.

பேசாமல் உட்கார்ந்திருப்பது முதல் திருப்பம் வரையில்தான் முடிந்தது.

"மாப்ளே, உன் கோவம் எனக்குப் புரியுது."

"கோவமெல்லாம் இல்ல. செகண்ட் போடுங்க மேடம்."

"பின்ன ஏன் வரலை?"

பூங்காவும், பெட்ரோல் பங்கும், ஜன்னலெல்லாம் மூடிய நூலகமும் நடக்கிறவர்களின் வேகத்தில் பின்னால் போயின.

"நான் அன்னிக்கு மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன் அத்தான். தனியா."

"எதுக்கு?"

"எனக்கு லிவர் மறுபடி வளந்துடுச்சு இல்ல, முழுசா. இன்னொரு துண்டு எடுத்துக்கங்கன்னு சொல்லத்தான். வெறும் வயித்தோட போனேன். பையில மாத்துத் துணி, பல் பிரஷ் எல்லாம் எடுத்துட்டுப் போனேன். வயித்தைக்கூட ஷேவ் பண்ணிட்டுப் போனேன், போன தடவை அவங்க பண்ணினப்ப வெட்டிட்டாங்கன்னு."

கார் குலுங்கி நின்றது. "ஸாரி," என்றாள் பல் டாக்டர்.

"பரவால்ல, ஸ்டார்ட் பண்ணுங்க. டாக்டரம்மா சிரிக்கலை அத்தான். சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. தண்ணி குடுத்து உக்கார வச்சு, ஒருத்தர் ஒரு தடவைதான் குடுக்கலாம்னு சொன்னாங்க. அது போக, திரும்பி வந்த கேன்சருக்குப் புது லிவரே வச்சாலும் அவனுங்க அங்கயும் வருவானுங்களாம். அதனால அது வழக்கமில்லையாம். நான் பையைத் தூக்கிட்டுத் திரும்பி வந்தேன். இனிமே உங்களுக்குக் குடுக்க என்கிட்ட என்ன இருக்கு? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்து கண்ணை இழுத்துப் பாக்கறது?"

மழித்த வயிற்றோடு, கையில் பையோடு, ஆஸ்பத்திரி லிஃப்டில் கீழே இறங்கி வருகிற மைத்துனன் மெக்கானிக்கின் கண் முன்னால் நின்றான்.

"இருக்கு," என்றார். "அதைக் கேக்கத்தான் நானும் ஊரெல்லாம் உன்னைத் தேடிட்டிருக்கேன். அந்த ஓரத்தை வெட்டணுமாம். வெட்டலாமா?"

"எந்த ஓரத்தை?"

"கட்டி இருக்கற ஓரத்தை. சுத்தி கொஞ்சம் சேர்த்து எடுப்பாங்களாம். உன்னைக் கேக்காம நான் கையெழுத்துப் போடலை."

மைத்துனன் அப்படியே பின்பக்கம் திரும்பினான். "இத்தனை நாளா ஆபரேஷனுக்குத் தேதி குடுக்காம இருக்கறது இதுக்கா?"

"பின்ன?"

"நான் வேண்டாம்னு சொன்னா?"

அந்தக் கேள்வியை மெக்கானிக் எதிர்பார்க்கவில்லை. கட்டடத்துக்காரர் வேண்டாமென்று சொன்னால் என்ன செய்வோம் என்று யோசித்தார். கதவில் பலகையை மாட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுவோம். அப்படிப் பலகை மாட்டி வந்த கட்டடங்கள் இரண்டு மூன்று உண்டு.

"வேண்டாம்னா வேண்டாம்தான்," என்றார்.

ரெண்டாம் பிரேக் இறங்கியது. கார் சாலை நடுவில் ஆணி அடித்தாற்போல நின்றது. பின்னால் ஹாரன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின.

"நான் ஒண்ணும் பண்ணலை," என்றாள் பல் டாக்டர் அழாக்குறையாக.

"நீங்க இல்ல மேடம், நான்தான்." மைத்துனன் காலை பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை. "அத்தான், உங்களுக்குப் பைத்தியமா? நான் ஏதோ நாலு பேர் முன்னால பெருமைக்குச் சொல்லிட்டுத் திரிஞ்சா, அதுக்காகச் சாகறதுக்கும் என்கிட்ட பர்மிஷன் கேப்பீங்களா? உங்களை உயிரோட வச்சுக்கறதுக்காகத்தான்யா அதைக் குடுத்தேன்."

"மரியாதைக்குக் கேக்கறேன் மாப்ளே."

"நீங்களும் உங்க மரியாதையும்."

"நான்கூடப் பல்லைப் புடுங்கறதுக்கு முன்னால கேப்பேன்," என்று பல் டாக்டர் மெல்லிய குரலில் நுழைந்தாள். "ஆனா வாய் யாருதோ அவங்களைத்தான் கேப்பேன். பல் செட்டுக்குக் காசு குடுத்த மருமகனையெல்லாம் கேக்க மாட்டேன்."

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினார். மைத்துனன் கண்ணாடியை இறக்கி, "குடும்ப விஷயம்ணே, ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு ஏற்றினான்.

"எவ்வளவு வெட்டுவாங்க?"

"ஒரு உள்ளங்கை அளவு இருக்கும்."

"கொஞ்சமாத்தான் வெட்டணும். மிச்சத்தை வளரவிடணும். அது நல்லா வளரும், என் உடம்பு வாகு அப்படி." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "மறுபடியும் வந்தா?"

"வரலாம்னாங்க. மாத்திரை இருக்காம். அது கேக்கலைன்னா வேற மாத்திரையாம்."

"அதுக்கும் என்னைக் கேட்டுட்டு நிக்காதீங்க. வெட்டிக்கங்க, முழுங்கிக்கங்க, என்ன வேணா பண்ணிக்கங்க. போதுமா?"

"போதும்." மெக்கானிக் தயங்கினார். "அப்ப இனிமே ஞாயித்துக்கிழமை வந்து நம்மாளு எப்படி இருக்காருன்னு கேக்க மாட்டியா?"

"அதைக் கேப்பேன்," என்றான் மைத்துனன். "அதுல கை வைக்காதீங்க. வண்டியை எடுங்க மேடம், லாரிக்கார அண்ணன் அடிக்க வர்றார்."

பல் டாக்டர் கிளட்சை விட்டாள். இந்தமுறை கார் இருமவில்லை. மெக்கானிக் போனை எடுத்து ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினார். அவசரத்தில் ஸ்பீக்கர் பொத்தானும் அழுந்திவிட, காத்திருப்பவர்களுக்கான இசை கார் முழுக்க நிறைந்தது. மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டே சிக்னலைத் தாண்டினார்கள்.

"வணக்கம், சொல்லுங்க," என்றது ஒரு பெண்குரல்.

"வெட்டிடலாம்னு சொல்லணும்ங்க," என்றார் மெக்கானிக்.

"யாரை சார்?"

அவர் பதில் தேடுவதற்குள் மைத்துனன் முன் இருக்கையிலிருந்து எட்டிப் போனைப் பிடுங்கினான். "எங்க அத்தானைங்க. சீக்கிரமா ஒரு தேதி பாத்துச் சொல்லுங்க."